அந்தப் பெயின்டைச் சுரண்டியது நான்தான்

கோகுல்,

நேற்று சாயங்காலம் போனில் நீ பேசியதையெல்லாம் நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். கடைசியில், "புரிஞ்சுதாம்மா?" என்றாய். "புரிஞ்சுது" என்றேன். நீ சொன்னது புரிந்தது என்றுதான் சொன்னேனே தவிர, ஒத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை. இன்று காலை உன் பெரியப்பா கூப்பிட்டு, "பையனே பேசிட்டானாம், நீயும் சரின்னுட்டியாம், ரொம்ப சந்தோஷம்மா" என்றபோதுதான் நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று தெரிந்தது. போனில் மறுபடியும் பேசினால் நீ அவசரப்படுவாய், எனக்குக் குரல் உயரும். அதனால் எழுதுகிறேன். கல்யாண வேலைகளுக்கு நடுவே உனக்கு இதைப் படிக்க நேரம் இருக்காது என்று தெரியும். நேரம் ஒதுக்கிப் படி.

நீ கேட்டவை இவைதான். கல்யாணம் முடிகிறவரை காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைக்க வேண்டும், முடிந்த பிறகு பெரியப்பா காட்டும் ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். காரின் பாகங்களைத் தேய்க்கிற இந்த வேலையை இன்றோடு நிறுத்த வேண்டும், பார்லருக்குப் போய்க் கையைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மேடையில் அப்பா அம்மா நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்பார்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். கடைசியானதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கினாலும் நீ சொல்லாமல் விடவில்லை.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று நீ ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. அப்பா போன பிறகு கார் கொட்டகையிலேயே கிடந்தது. டயர் காற்று இறங்கி, உள்ளே எலி புகுந்து, சீட்டைக் கடித்துவைத்திருந்தது. ஊரில் எல்லோரும் வித்துவிடு என்றார்கள். நான் ஹைவே ஓரத்து மெக்கானிக் ஜாபரிடம் சொல்லி அதை அவன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகவைத்தேன். அவன் என்னிடம் படித்தவன் இல்லை, ஆனாலும் ஊரோடு சேர்ந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். மறுவாரம் போனபோது இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்திருந்தான். டேப்பெட் கவர் என்றான். அதன் மேல் அடித்திருந்த சில்வர் பெயின்ட், மழையில் நனைந்த சுவர்ச் சுண்ணாம்பு போலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் ஒரு கொப்புளத்தை உரித்தேன். உள்ளே அலுமினியம், மங்கலாக, ஆனால் முழுசாக இருந்தது. "ஜாபர், இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றேன். "எதுக்குங்க டீச்சர்?" என்றான். "சும்மா பாக்கறதுக்கு" என்றேன். பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மூடியை நான் நாசமாக்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பெரியப்பா வழியாகக் கேள்விப்பட வேண்டாம். போனில் ஒரு வீடியோவில் யாரோ, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் பெயின்ட் தானாகக் கழன்றுவிடும் என்று காட்டினார். அவர் காட்டியது இரும்பை. நான் அதைக் கவனிக்கவில்லை. சர்வீஸ் முழுக்க வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாட்டை, அலுமினியமும் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும் என்பதை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவள் பிளாஸ்டிக் டப்பில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து மூடியை அதில் முக்கினேன். கொஞ்ச நேரத்தில் டப்பு சீறியது. உலை கொதிப்பது போல நுரை பொங்கி, தண்ணீர் கறுத்து, பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியது. கொம்பால் இழுத்து வெளியே போட்டேன். பெயின்ட் போயிருந்தது, கூடவே அலுமினியமும் பாதி போயிருந்தது. விளிம்பெல்லாம் கரையான் அரித்தது மாதிரி. எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகம் என்பது பூட்டு துருப்பிடித்த ஒரு பீரோ. அந்தச் சமன்பாட்டை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வாசலில் தனியாக நின்று சிரித்தேன். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஜாபர் பழைய இரும்புக் கடையில் வேறொரு மூடி தேடிப் பிடித்தான். இந்தத் தடவை நிதானமாகச் செய்தேன். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. பெயின்ட் கடையில் விற்கும் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவி, பிளாஸ்டிக் கவரால் மூடிவைத்தால் பெயின்ட் பாலாடை போலச் சுருங்கி எழும்பும். மரக்குச்சியால் தள்ளினால் பாளம் பாளமாக வரும். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும், விழுந்தால் அதைத் தேய்த்து எடுக்கத் தோள்பட்டை கழன்றுவிடும். பிறகு தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்ப்பது. முதலில் சொரசொரப்பானது, அப்புறம் அதைவிட நைசானது, அப்புறம் அதைவிட. ஒவ்வொரு பேப்பரும் முந்தைய பேப்பர் போட்ட கோடுகளை அழிக்கும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. அவசரப்பட்டால் கடைசியில் பளபளப்புக்கு அடியில் கோடு கோடாகத் தெரியும். எல்லாம் முடிந்து, ட்ரில்லில் துணிச் சக்கரம் மாட்டி, பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் முதலில் மை போலக் கறுப்பாகத்தான் வரும். துணியால் அந்தக் கறுப்பைத் துடைத்தபோது, கோகுல், கொட்டகைக் கூரையின் ஓடு ஒவ்வொன்றும் அந்த மூடியில் தெரிந்தது. உள்பக்கத்தில் ஒரு மண் துகள்கூட இல்லாமல் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துகள் இருந்தால் இன்ஜின் போய்விடும். ஜாபர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத மாட்டி மேல பானெட்ட வேற மூடணுமாங்க?" என்றான்.

ஜாபர் காரை ஓடவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் சக்கரங்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த அலாய் வீல்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தது அப்பா. அழுக்கு தெரியாது என்று அவரே பிரஷ் வாங்கி அடித்தார், அது ஓரமெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. அவர் இருந்தபோதே எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். "கார் விஷயம் உனக்கு எதுக்கு, விடு" என்றார். கோபமாக இல்லை, அன்பாகத்தான். அப்படித்தான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றபோதும், "உனக்கு எதுக்கு டென்ஷன்" என்றார். என் சம்பளத்தில் வாங்கிய காரில் நான் இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது ஊரில் எல்லோரும், டீச்சர் புருஷன் நினைப்பாகவே அந்தக் காரைத் தேய்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்று பேசிக்கொள்கிறார்கள். பெரியம்மா அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயும் நேற்று, "அப்பா நெனப்புல பண்றேன்னு புரியுதும்மா" என்றாய். இல்லை. உன் அப்பா அடித்த பெயின்டைத்தான் நான் சுரண்டினேன். அவர் மேல் எனக்கிருக்கும் பாசத்தை அளக்க இது கருவி இல்லை. அதை நான் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன். இந்த வேலையை எனக்குப் பிடித்திருப்பதால் செய்கிறேன். துக்கத்தில் செய்கிறாள் என்றால் ஊர் மன்னித்துவிடுகிறது. பிடித்துச் செய்கிறாள் என்றால்தான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

நித்யாவின் அப்பா அம்மா வந்த அன்று நடந்ததை நீ அவர்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறாய். கிருஷ்ணகிரியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுச் சேலம் திரும்பும் வழியில், சம்பந்தி வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான் புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கைவரை கறுப்பு. முன்னால் ஸ்டூலில் ஒரு சக்கரம், பாதி பளபளப்பும் பாதி கறுப்புமாக. நித்யாவின் அப்பா என்னைப் பார்த்து, "டீச்சர் வூடு இதுதானுங்களா? அவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். "நான்தானுங்க, உள்ள வாங்க" என்றேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. கை கழுவிக் காபி போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு போகாது. நித்யாவின் அம்மா டம்ளரை வாங்கும்போது என் விரல்களைத்தான் பார்த்தார். "ஆளு வெச்சு செஞ்சுக்கலாமேங்க?" என்றார். "ஆளு வெச்சா சந்தோஷம் அந்த ஆளுக்கில்லீங்களா போகும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. அன்று மாலை நீ போன் செய்து, "ஏம்மா இப்படி மானத்த வாங்கற?" என்றாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அதற்காக உன் மேல் வன்மம் வைத்துக்கொள்ளவும் இல்லை. மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பெரியப்பா விஷயம். அவர் சொன்ன கதையில் நான் அவரைக் கடத்திக்கொண்டு போனதாக இருக்கிறதாம். நடந்ததைக் கேள். பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார், கார் வாங்குவதற்கு. என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. நான்கு சக்கரமும் முடிந்து மாட்டியிருந்த நேரம். வெயிலில் சக்கரம் கண்ணைக் கூசவைத்தது. வியாபாரி குனிந்து பார்த்து, "வீலு புதுசா போட்டீங்களா?" என்றார். "பழசுதானுங்க. கார் விக்கறதுக்கு இல்லீங்க" என்றேன். பெரியப்பா உடனே, "பையன்கிட்டப் பேசியாச்சு. பொம்பள நீ தனியா இத வெச்சுட்டு என்ன பண்ணப் போற?" என்றார். "ஓட்டப் போறேனுங்க மாமா" என்றேன். அவர் சிரித்தார். தர்மபுரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, என்னைவிட வயதில் பாதி இருக்கும் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நான் லைசென்ஸ் வாங்கியிருந்தது அவருக்குத் தெரியாது. உனக்கும்தான் தெரியாது. நீ கேட்கவில்லை. வியாபாரி நல்ல மனிதர், நிலைமை புரிந்து, தான் வந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கார்க் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இதுக்கு ஒரு முடிவு சொல்லாம நான் எறங்க மாட்டேன்" என்றார்.

நான் உள்ளே போய்ச் சாவி எடுத்துக்கொண்டு வந்து, முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்தேன். "ஏம்மா, என்ன பண்ற?" என்றார். "எறங்க மாட்டேன்னுட்டீங்களே மாமா. வூட்டுக்குக் கொண்டுபோயி விட்டுடறேன்" என்றேன். பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் இல்லாமல் நான் அதுவரை ஓட்டியதே இல்லை. அது அவருக்குத் தெரியக் கூடாது என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஹைவே ஏறியதும் லாரிகள் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு போயின. பெரியப்பா முன்சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி, "லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. காரிமங்கலத்தில் அன்று சந்தை. ஆடும் கோழியும் கூட்டமுமாக ரோட்டை அடைத்திருந்தது. ஒருமுறை இன்ஜின் அணைந்தது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "டீச்சரு! நீங்களா ஓட்டறீங்க?" என்று கத்தினாள். எங்கள் பள்ளியில் படித்தவள், பெயர் நினைவுக்கு வரவில்லை. அவளே ஆட்டை இழுத்துக்கொண்டு வழிவிட்டு, மற்றவர்களையும் ஒதுக்கினாள். நான் கிளட்ச்சை மெல்ல விட்டேன், வண்டி நகர்ந்தது. பெரியப்பாவை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். இறங்கி, கதவை அறைந்து சாத்தி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டி, "திரும்பறப்ப மெதுவாப் போ" என்றார். அதற்கப்புறம்தான் உனக்குப் போன் செய்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருக்கிறார். இரண்டையும் செய்தது அதே மனிதர்தான். அவரை எனக்குப் புரிகிறது. எனக்குப் புரியாதவன் நீ.

ஏனென்றால் நீ பிளஸ் ஒன் சேர்ந்தபோது, பயாலஜி எடுக்க மாட்டேன், காமர்ஸ்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்தார். சயின்ஸ் டீச்சர் மகன் காமர்ஸ் படித்தால் ஊர் சிரிக்கும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான், நீ டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். ஆனாலும் எழுந்து நின்று, "படிக்கப் போறவன் அவன். அவனுக்கு என்ன புடிக்குதோ அதப் படிக்கட்டும். சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றேன். அப்பாகூட அன்று என்னோடு பேசவில்லை. நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் படிப்பை வைத்துத்தான் இன்று பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறாய். நன்றி கேட்டு இதை எழுதவில்லை. அன்று உனக்குப் பிடிக்கிறது என்பது போதுமான காரணமாக இருந்ததே, எனக்கு மட்டும் ஏன் அது காரணமாகவில்லை என்று கேட்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு புத்திமதி சொல்வது அம்மாவின் உரிமை. சொல்கிறேன். நேற்று நீ பேசிய அவ்வளவு நேரத்தில், "நான் நெனைக்கறேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "பெரியப்பா சொல்றாரு", "நித்யா வூட்டுல ஃபீல் பண்றாங்க", "ஊர்ல பேசறாங்க", இவ்வளவுதான். நாளைக்கு நித்யா ஏதாவது ஒன்றைச் செய்வாள், உனக்கு அது பிடிக்காமல் போகலாம். அப்போது அவள் முன்னால் பெரியப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தாதே, என்னையும் நிறுத்தாதே. எனக்குப் பிடிக்கவில்லை, இன்ன காரணம் என்று நீயே சொல். சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. மற்றவர் வாயைக் கடன் வாங்கிப் பேசுகிற புருஷனோடு பெண்ணால் சண்டைகூடப் போட முடியாது, யாரோடு போடுவது என்றே தெரியாது. நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிறகு அவளுக்கு ஒன்று பிடித்திருந்தால், அது உனக்கு அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும், "உனக்கு எதுக்கு டென்ஷன்" என்று மட்டும் சொல்லாதே. அன்பாகச் சொன்னாலும் அது கதவைச் சாத்துவதுதான்.

சரி, நீ கேட்டவற்றுக்குப் பதில். காரை மூட மாட்டேன், விற்கவும் மாட்டேன். ஆர்.சி. புத்தகம் என் பெயருக்கு மாறிவிட்டது. அலுமினியம் சும்மா இருந்தால் மங்கும், அடிக்கடி தேய்க்க வேண்டும், தேய்ப்பேன். அடுத்து ஜாபர் வேறொருவர் வண்டியின் சக்கரங்களைக் கொடுத்திருக்கிறான், கொட்டகையில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தைய நாள் வேலையை நிறுத்திக் குளித்துவிட்டு வருவேன். பார்லருக்குப் போக மாட்டேன். நகக்கண்ணில் கறுப்பு இருந்தால் இருக்கட்டும்.

மேடையில் நான்தான் நிற்பேன். உன்னைப் பெற்றவள், வளர்த்தவள், பக்கத்தில் ஆள் இல்லாமல் நிற்பவள். பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னோடு நிற்க விரும்பினால் தாராளமாக நிற்கலாம், மேடை அகலமானது. என் இடத்தில் நிற்க முடியாது. புருஷன் இல்லாதவள் தொட்டால் ஆகாது என்று சொல்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு இந்தக் கையால்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்போது இது ஆகாத கையாக இல்லை. நித்யாவிடம் இதை நானே பேசிவிட்டேன். இன்று காலை, பெரியப்பாவின் போன் வந்த கையோடு அவளைக் கூப்பிட்டேன். "எங்க வூட்டுல ஒத்துக்க மாட்டாங்க அத்தை" என்றாள். "உனக்கு எப்படிம்மா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியலீங்க, யோசிக்கணும்" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவள் யாருடைய வாயையும் கடன் வாங்கவில்லை. நீயும் யோசி. யோசித்து, உன் பேச்சாக ஒன்றைச் சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதத்துக்குப் போவதற்கு முன்னால் என் கைக்கு வரும். நான் தொட்டுக் கும்பிட்டுத்தான் அனுப்புவேன். பிடிக்காதவர்கள் எழுந்து நேராகப் பந்திக்குப் போகட்டும். சாப்பாடு நன்றாக இருக்கும், சமையல்காரரைப் பேசியிருப்பது நான்தான்.

அம்மா